ஆறாவது ரிங்

மேசைமேல் பழைய காலண்டர் தாளை விரித்து, அதில் மூன்று சடலங்களைக் கிடத்தியிருந்தார் லட்சுமிகாந்தம்.

மூன்றுக்கும் ஒரே மாதிரி மரணம். உச்சியிலிருந்து அடி வரை ஒற்றைப் பிளவு. ரத்தம் இல்லை, வெள்ளை மாவுதான் உதிர்ந்திருந்தது. நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அதன் கைப்பிடி உடைந்துபோய் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கிறேன். எதிரே இருப்பவர் பார்க்காதபடி கட்டைவிரலால் அதை மறைத்துக்கொள்வது என் தொழில் ரகசியங்களில் ஒன்று. மற்ற ரகசியங்கள் இன்னும் உருவாகவில்லை.

"மூச்சை மெதுவா விடுங்க தம்பி. துப்பு பறக்குது" என்றார் பஞ்சம்மாள்.

பஞ்சம்மாள் என் உதவியாளர். ஐம்பது வயது. இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவர். முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்டுவிட்டு, விருதுநகரில் என் துப்பறியும் நிலையத்தைக் கூட்டிப் பெருக்க வந்தார். ஒரே மாதத்தில் குப்பையோடு சேர்த்து என் முடிவுகளையும் வெளியே தள்ள ஆரம்பித்தார். அப்படித்தான் அவருக்கு உதவியாளர் பதவி கிடைத்தது.

என் பெயர் தனுஷ்கோடி. பருப்பு மண்டிக் குடும்பம். 'பையன் என்ன செய்றான்?' என்று யாராவது கேட்டால், 'வெளியூர் ஆர்டர் பார்க்கிறான்' என்று இன்றைக்கும் சமாளிக்கிறார் என் அப்பா. நான்கு வருடத்தில் என்னிடம் வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிக்கப் போய், அவரோடே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, 'தங்கமான பையன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். சதிவேலை என்ற சொல்லைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட முதல் மனிதர் இந்த லட்சுமிகாந்தம். அதனால் பஸ்ஸில் சிவகாசி வரும்வரை நெஞ்சை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது.

"இது என்னன்னு தெரியுதா?" என்றார் லட்சுமிகாந்தம். அச்சகக் குடும்பம். அச்சகத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு அதே பழைய கட்டடத்தின் மாடியில் பல் செய்யும் லேப் வைத்திருப்பவர்.

"உரல் மாதிரி இருக்கு" என்றேன்.

"ரிங் சார். மொதல்ல பல்லை மெழுகுல செய்வோம். அதைச் சுத்தி இந்த மாவைக் கரைச்சு ஊத்துவோம். இறுகினப்புறம், பத்து நாளைக்கு முந்தி வந்த இந்தப் புது பர்னஸ்ல வச்சா மெழுகு எரிஞ்சு போயி, பல்லு இருந்த இடம் பள்ளமா நிக்கும். அதுக்குள்ள செராமிக் கட்டியை இளக்கி அழுத்துவோம். அழுத்தும்போது ரிங் விரிசல் விட்டா பல்லும் போச்சு, கட்டியும் போச்சு."

"எப்பல இருந்து உடையுது?"

அவர் விரல்களை மடக்கினார். "போன வாரம் திங்கக்கிழமை உடைஞ்சது. செவ்வாய் உடைஞ்சது. வியாழன் உடைஞ்சது. மூணும் இசைவாணின்னு ஒரு பிள்ளை செஞ்சது. புதன்கிழமை அது லீவு, முனியராஜ்னு இன்னொரு பையன் செஞ்சான். உடையல. வெள்ளி பூராவும் கரன்ட் இல்ல. சனிக்கிழமை நானே அந்தப் பிள்ளை பக்கத்துல நாற்காலி போட்டு நாள் பூரா உட்கார்ந்திருந்தேன். உடையல! ஆள் பார்த்தா உடையல, பார்க்காட்டி உடையுது. இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?"

"அப்புறம் எங்களை எதுக்கு வரச் சொன்னீக?" என்றார் பஞ்சம்மாள்.

"அவளை எந்த லேப்காரன் தூண்டிவிட்டான்னு தெரியணும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மச்சினர் மகள் ஸ்ரீமதிக்கு நாளை மறுநாள் கல்யாணம். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் பாதியோடு போய்விட்டன. அந்தப் பெண்ணின் பல் நிறத்தில் லேபில் மிச்சமிருப்பது ஒரே ஒரு செராமிக் கட்டி. அடுத்தது சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும். முனியராஜுக்குக் கடைவாய்ப்பல்தான் வரும், முன்பல்லுக்கு இசைவாணியின் கைதான். அதனால் இன்றைய ரிங்கையும் அவளையே செய்யச் சொல்லியிருக்கிறார்.

"இதுவும் உடையட்டும். சாயங்காலமே அவளை அனுப்பிருவேன். திருநெல்வேலி லேப்காரருக்கு நேத்தே போன் போட்டுட்டேன், இந்தப் பேருல ஒரு பிள்ளை வேலைக்கு வந்தா சேர்க்காதீக, கை சுத்தமில்லன்னு."

இன்னும் உடையாத ரிங்குக்கு நேற்றே தண்டனை கொடுத்துவிட்டார். என் தொழிலில் நான்கூட அவ்வளவு வேகமாகத் தப்பு செய்ததில்லை.

இசைவாணிக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். அச்சங்குளத்துப் பெண். அம்மா அப்பா இருவரும் பட்டாசுக் கம்பெனி. மதுரையில் டிப்ளமோ முடித்து, அந்தத் தெருவிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள். நாங்கள் போனபோது தராசில் மாவை நிறுத்துக்கொண்டிருந்தாள். நான் அடையாள அட்டையை நீட்டினேன். அவள் அதைப் பார்க்காமல் தராசு முள்ளையே பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். உங்க மூச்சுக்கே முள்ளு ஆடுது."

"நான் சொன்னா கேக்க மாட்டாக" என்றார் பஞ்சம்மாள்.

"போன மூணு ரிங்கும் ஏன் உடைஞ்சதுன்னு நீ நினைக்கிறே?"

"தெரியல சார்." சொல்லும்போது அவள் குரல் முறியவில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூங்காத கருமை இருந்தது. "தண்ணி அளவு கூடிருச்சோன்னு சிரிஞ்சுல அளந்து ஊத்தினேன். மெழுகு ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட நின்னா அந்தப் பக்கம் சுவரு மெலிசாகி உடையும், நடுவுல தள்ளி வச்சேன். கீழ அச்சு மெஷின் ஓடுற அதிர்ச்சியில இறுகும்போதே விரிசல் விடுதோன்னு, அடியில ஸ்பாஞ்சு போட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் மேடுபள்ளமா இருந்தா அழுத்தும்போது ஒரு பக்கமா சாஞ்சு போகும், அதையும் சமமாச் சீவினேன். பர்னஸ்ல இருந்து எடுத்து பிரஸ்ஸுக்குள்ள வைக்க இருபது செகண்டு கூட ஆகல. இன்னும் என்ன செய்யணும்னு யாராவது சொன்னா செய்றேன்."

நான் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்த பிறகு படித்துப் பார்த்தேன், எனக்கே புரியவில்லை.

அவள் மாவைக் கரைத்து, குமிழி வராமல் ரப்பர் அச்சுக்குள் ஊற்றினாள். இறுகியதும் அச்சைக் கழற்றி, அடியைச் சீவி, இடுக்கியால் தூக்கிச் சன்னலோர மேசையில் வைத்தாள். அதன்மேல் ஈரத்துணி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தாள்.

"உடனே பர்னஸ்ல வைக்க மாட்டியா?" என்றேன்.

"பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் கரன்ட் கட் சார். ரெண்டு மணிக்கு மேலதான் பர்னஸ் சூடேறும்."

"கரன்ட் வந்தப்புறம் கரைச்சு ஊத்தலாமே?"

"அதுவரைக்கும் மெழுகு தாங்காது சார். பேன் இல்லாம இந்தச் சூட்டுல முன்பல்லு வளைஞ்சு போகும். செஞ்ச கையோட ஊத்திரணும்."

என் அறிவுக்கூர்மையான கேள்வி அந்த இடத்திலேயே காலமானது. 2008ஆம் வருடத்து ஆவணி வெயில் சிவகாசியை வறுத்துக்கொண்டிருந்தது. கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டதும் மின்விசிறி நின்றது. இசைவாணி முன்னறைக்குப் போய்விட்டாள்.

நான் மறுபடி சடலங்களிடம் வந்தேன். பூதக்கண்ணாடி இந்த முறை பலன் கொடுத்தது. உடைந்த ரிங்கின் அடியில், வெள்ளை மாவின் மேல், ஊசிமுனை அளவுக்குச் சிவப்புத் துகள்கள். மூன்றிலும் இருந்தன. உடையாத இரண்டின் தூள் வாளியில் கிடந்தது, அதைக் கிளறிப் பார்த்தேன். அதில் சிவப்பு இல்லை.

என் காதுக்குள் தாரை தப்பட்டை முழங்கியது.

"பஞ்சம்மாக்கா, பாலிஷ்! தங்க வேலை செய்றவங்க சிவப்புப் பாலிஷ் வச்சிருப்பாங்க. பல்லுக்கும் பாலிஷ் உண்டு. இங்க பாலிஷ் போடுறது யாரு? முனியராஜ்! அவன் கைபட்ட ரிங்கெல்லாம் உடைஞ்சிருக்கு. அவனே செஞ்ச ரிங் மட்டும் உடையல. இசைவாணி போனா முன்பல் வேலையும் அவனுக்குத்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பஞ்சம்மாள். அந்தக் குரலில் அவர் நல்லாயிருக்கு என்று சொன்ன எதுவும் இதுவரை நல்லாயிருந்ததில்லை.

முனியராஜ் பின்னறையில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடத் தயாராகிக்கொண்டிருந்தான். முப்பது வயது. நான் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தை ஏற்றினேன்.

"முனியராஜ், உங்க பாலிஷ் கட்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அவன் எழுந்து இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து என் கையில் வைத்தான்.

பச்சை.

"இது ஒண்ணுதானா?"

"இன்னொண்ணு இருக்கு சார்." அதையும் வைத்தான். வெள்ளை.

"சிவப்பு?"

"சிவப்பு தட்டான் கடையில இருக்கும் சார். உலோகப் பல்லுக்குப் பச்சைதான். உங்களுக்குச் சிவப்பு வேணும்னா வாங்கிட்டு வரட்டா?"

நான் இரண்டு கட்டிகளையும் திருப்பிக் கொடுத்தேன். ஏற்றிய புருவத்தை இறக்கத்தான் நேரம் பிடித்தது.

"சாப்பிட்டீகளா சார்?" என்றான் முனியராஜ். குற்றவாளியாக இருந்தால் இப்படிக் கேட்க மாட்டான் என்று அப்போதே முடிவு செய்தேன். நான் மாப்பிள்ளைகளையும் இப்படித்தான் பாஸ் செய்வேன். ஒரு விரலால் அவன் தயிர்சாதத்தின் ஊறுகாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பஞ்சம்மாள் அதற்குள் உடைந்த ரிங்கிலிருந்து ஒரு சிவப்புத் துகளை நகத்தில் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சொரசொரங்குது. நான் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றேன். நீங்க அந்த ரிங்கை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராம இருங்க."

"ஒரு ஈ கூட உள்ள போக முடியாது."

"ஈ போனாப் போகட்டும். ஆளைப் பாருங்க."

ரிங் இருந்த அறைக்கு ஒரே வாசல். வாசலுக்கு வெளியே ஒரு நடை. நடையின் ஒரு முனையில் முன்னறை, மறுமுனையில் மொட்டைமாடிக்குப் போகும் படி. நான் வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டேன். காலை நீட்டினால் யாரும் என்னைத் தாண்டாமல் போக முடியாது. மேல்பித்தானைக் கழற்றிவிட்டுக் காவல் காத்தேன்.

இசைவாணி வரவில்லை. முனியராஜ் வரவில்லை. லட்சுமிகாந்தம் கீழே அச்சகத்தில் அண்ணனோடு தீபாவளி சீசன் காலண்டர் ஆர்டரைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். லேபைக் கூட்டுகிற இருளம்மாள் மட்டும் வந்தார். மெலிந்த உடம்பு, அறுபதை நெருங்குகிற வயது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சுளகைத் துணியால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி, காலைக் கொஞ்சம் மடக்குங்க."

மடக்கினேன்.

"கை ரெண்டும் வேலையா இருக்கு. அந்த மாடிக் கதவை லேசாத் தள்ளி விடுங்களேன். புண்ணியமாப் போகும்."

எழுந்து போய்த் தள்ளிவிட்டேன். கதவு இறுக்கமாக இருந்ததால் தோளைக் கொடுத்தேன். வடகம் காயப்போடப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வயதானவர் படி ஏறுகிறாரே என்று "பார்த்து ஏறுங்க, வெயில் கொளுத்துது" என்றும் சொன்னேன். திரும்பி வந்து, கடமை தவறாமல், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் பஞ்சம்மாள் வந்தார்.

"யாராவது போனாகளா?"

"யாரும் போகல."

"யாரும்னா?"

"யாருமேதான். இருளம்மா மட்டும் வடகம் காயப்போட மாடிக்குப் போயிருக்காங்க."

பஞ்சம்மாள் அப்படியே நின்றார். "சோத்துக்கடையில உட்கார்ந்து யோசிச்சேன் தம்பி. சனிக்கிழமை மொதலாளி பக்கத்துல இருந்ததுனால உடையலன்னு சொன்னாகள்ல. சனிக்கிழமை விருதுநகர், சிவகாசின்னு எல்லாப் பக்கமும் நல்ல மழை. நம்ம ஆபீஸ் கூரை ஒழுகி உங்க பைல் எல்லாம் நனைஞ்சதே, ஞாபகம் இருக்கா? அந்தச் சிவப்புப் பொடி செங்கப்பொடி தம்பி. தட்டோடு பதிச்ச மாடியில உட்கார்ந்து எந்திரிச்சா சேலையில ஒட்டும்." அவர் அறைக்குள் போய் டப்பாவைத் தூக்கினார்.

டப்பாவுக்கு அடியில் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

"லேபுக்குள்ள ஏது வடகம்?" என்றார் பஞ்சம்மாள். "வரும்போதே தள்ளிப் பார்த்தேன், அந்த மாடிக் கதவு யாராலயும் ஒத்தக் கையில திறக்க முடியாதே. யாரு திறந்தா?"

தோளில் ஒட்டியிருந்த கதவுத் தூசியைத் தட்டிவிட்டேன். அதுவே வாக்குமூலமாகிவிட்டது.

நாங்கள் மூன்று பேர் மாடிக்கு ஓடினோம். பஞ்சம்மாள் கூப்பிட்ட சத்தத்தில் இசைவாணியும் வந்துவிட்டாள். முழங்கால் சரியில்லாத பஞ்சம்மாள் எனக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தார்.

மொட்டைமாடியில் சிவப்புத் தட்டோட்டின் மேல் ரிங் இருந்தது. பக்கத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இருளம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் காக்கை ஓட்டும் குச்சி. மறு கையால் ரிங்கைக் கால்வட்டம் திருப்பி வைத்தார். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் வெயில் பட வேண்டும் என்ற அக்கறை அந்த விரல்களில் இருந்தது.

"அத்தை!" என்றாள் இசைவாணி. ஒரே ஊர்க்காரர்கள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வா தாயீ. இன்னும் அரைமணி நேரம் காயட்டும். நீ பாவம், வேலை மும்முரத்துல ஈரத்தோடயே மூடி வச்சிட்டுப் போயிடுற. ஈரத்துணி வேற. ஈரத்தோட நெருப்புல வச்சா வெடிக்காம என்ன செய்யும்? அந்தப் பர்னஸ் வந்த நாள்ல இருந்து எனக்குத் தெரியும். அதான் தெனமும் நான் காயவச்சு, நீ சாப்பிட்டு வர்றதுக்குள்ள பழையபடி வச்சிருவேன்." இருளம்மாள் பெருமையாகச் சிரித்தார். "இருபத்திரண்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில பூச்சட்டி காயப்போட்டவ நான். என் கையில காஞ்ச சரக்கு ஒண்ணு நமுத்து ரிட்டன் வந்திருக்குமா, கேட்டுப் பாரு."

"புதன்கிழமை முனியராஜ் செஞ்சதையும் காயவச்சீகளா?" என்றார் பஞ்சம்மாள்.

"அவன் ரிங்கை நான் எதுக்குக் காயவைக்கணும்? அவன் என்னா எங்க ஊர்ப் பிள்ளையா?"

நான் ஒரு மணி நேரமாகப் பகையைத் தேடியிருந்தேன். இந்த லேபில் இசைவாணியின் மேல் உயிரையே வைத்திருந்த ஒரே ஆள், அவள் ரிங்கை மட்டும் தேடித் தேடி உடைத்திருக்கிறார்.

இசைவாணி முட்டிபோட்டு ரிங்கின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அத்தை, இது பூச்சட்டி இல்ல. இந்த மாவுக்கு ஈரம் உள்ளயே இருக்கணும். வெயில்ல காய்ஞ்சா ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் சுருங்காது. கண்ணுக்குத் தெரியாம கீறல் விழுந்திரும். அப்புறம் பர்னஸ் சூட்டுல அது பெருசாகி, பிரஸ் அழுத்தும்போது பிளந்திரும்."

இருளம்மாள் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். அவள் சொன்னதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப மூணையும் நாந்தான் உடைச்சேனா?"

பஞ்சம்மாள் அவர் தோளைத் தொட்டார். "நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன் மதினி. நம்ம சோறு தின்னதே காயவச்சுத்தானே."

"இதுவும் உடையுமா தாயீ?"

"பத்து நிமிஷந்தானே ஆச்சு? மாவு டப்பாவுல போட்டிருக்கு, காஞ்சு போனா கொஞ்ச நேரம் தண்ணியில முக்கி எடுத்து வைக்கலாம்னு. பார்ப்போம் அத்தை." அவள் ரிங்கைச் சுளகில் எடுத்தாள். இந்த முறை கதவைப் பஞ்சம்மாளையே பிடிக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் துப்பறிவதற்கு எதுவும் இல்லை, காத்திருப்பதுதான். ரிங் தண்ணீரில் முங்கியது. குமிழி விட்டு அடங்கியதும் எடுத்து ஈரத்துணிக்குள் வைத்தாள். இரண்டு மணிக்குக் கரன்ட் வந்தது. பர்னஸின் சிவப்பு எண்கள் எண்ணூற்றைம்பதைத் தொட்டதும் உள்ளே வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்து, செராமிக் கட்டியைப் போட்டு, அழுத்தும் தண்டைச் செருகி, பிரஸ்ஸுக்குள் வைத்து மூடினாள். என் கடிகாரத்தில் பதினெட்டு செகண்டு. நான் மூச்சு விட்டது பத்தொன்பதாவது செகண்டில்.

ரிங் முழுசாக வெளியே வந்தது. ஆனால் அது ஆற ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் இருளம்மாள் நடையில் சுவரோரம் உட்கார்ந்து ரிங்கை வைத்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகவே இல்லை.

ஐந்து மணிக்கு லட்சுமிகாந்தம் மேலே வந்தார். பின்னாலேயே முனியராஜும் வந்தான். இசைவாணி ரம்பத்தால் ரிங்கைச் சுற்றி அறுத்து, இரண்டாக உடைத்தாள்.

"ஐயோ, உடைச்சிட்டாளே!" என்றேன்.

"கடைசியில உடைச்சுத்தான் சார் எடுக்கணும்" என்றான் முனியராஜ், என்மேல் இரக்கப்பட்டு.

மணல் பீய்ச்சி மாவை உதிர்த்ததும் இரண்டு முன்பற்கள் வெளியே வந்தன. ஓரம் மழுங்காமல், முனை உடையாமல், யாரோ சிரித்துவிட்டு மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தன.

லட்சுமிகாந்தம் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே என் பக்கம் திரும்பினார். "ஆள் இருக்குறப்ப உடையலைல? நான் சொன்னேன்ல? தூண்டிவிட்டது யாருன்னு கண்டுபிடிச்சீகளா?"

என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு விடை தெரிந்திருந்தது. நடையில் உட்கார்ந்திருந்த அந்த மெலிந்த முதுகைப் பார்த்தேன். 'வெயில்தான் குற்றவாளி' என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன்.

இருளம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

"யாரும் தூண்டல மொதலாளி. நாந்தான். ஈரமா இருக்கேன்னு மாடியில காயவச்சேன். அதுல உடைஞ்சிருச்சாம். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

லட்சுமிகாந்தத்தின் முகம் கறுத்தது. "யாரைக் கேட்டு அதைத் தொட்டீக? யாரு காயவைக்கச் சொன்னா?"

இருளம்மாள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதான சொன்னீக."

"நானா?"

"அந்தப் பர்னஸ் லாரியில வந்து இறங்கின அன்னிக்கு, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னீகளே. 'இருளம்மா, இது அம்புட்டுச் சொத்து. ஒரு சொட்டு ஈரம் இதுக்குள்ள போகப்படாது. போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு'ன்னு."

முனியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

"அது... துடைக்கும்போது ஈரத்துணி போடாதீகன்னு சொன்னது" என்றார் லட்சுமிகாந்தம். என்னிடம் திரும்பினார். "நீங்க ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீக?"

"பேர் நிறைய வருது சார்" என்றேன். "நீங்க சொன்னீங்க. இவங்க காயவச்சாங்க. இன்னிக்குக் கதவைத் திறந்துவிட்டது நான். இதுல பேரே வராத ஒரே ஆள் இசைவாணிதான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, விடு இசை. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வழக்கம்போல வா."

"வர்றேன் சார்" என்றாள் இசைவாணி. கோட்டைக் கழற்றவில்லை. "இருளம்மா அத்தையும் வரணும். பர்னஸைப் பத்தி அவங்ககிட்ட நீங்க சொன்னீங்க, ரிங்கைப் பத்தி நான் சொல்லல. அது என் தப்பு, நாளைக்கு உட்கார வச்சுச் சொல்லுவேன். ஆனா பஞ்சம்மாக்கா சொன்னாங்க, திருநெல்வேலிக்குப் போன் போட்டீங்களாமே சார், எனக்குக் கை சுத்தமில்லன்னு. அதை யார் எடுத்துச் சொல்றது?"

லட்சுமிகாந்தம் என்னைப் பார்த்தார். நான் பஞ்சம்மாளைப் பார்த்தேன்.

"போன்ல போனது போன்லயே திரும்பி வரட்டும் மொதலாளி" என்றார் பஞ்சம்மாள். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி வையுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பஞ்சம்மாளுக்குப் பக்கத்துத் தெருச் சண்டை முழுசாகக் கேட்கும். நான் மறுக்கவில்லை.

லட்சுமிகாந்தம் போனை எடுத்து, நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். நெற்றியில் வியர்வை. மறுமுனை எடுத்தது.

"அண்ணாச்சி, நான் சிவகாசி லட்சுமிகாந்தம். நேத்து ஒரு பிள்ளையைப் பத்திச் சொன்னேன்ல..." அவர் ஒரு முறை இருளம்மாளைப் பார்த்தார், ஒரு முறை இசைவாணியைப் பார்த்தார். "அது தப்பு. பிள்ளை மேல ஒண்ணுமில்ல. ரிங் உடைஞ்சது எங்க கோளாறு. என் கோளாறுன்னே வச்சுக்கோங்க."

இருளம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரர் கேட்டார்.

"அப்படியா? முன்பல்லு நல்லாச் செய்யுமோ அந்தப் பிள்ளை?"

"செய்யுமாவா? இந்த ஜில்லாவுலயே அந்தக் கை கிடையாது அண்ணாச்சி!" என்றார் லட்சுமிகாந்தம், பாரம் இறங்கிய வேகத்தில்.

"அப்போ எங்ககிட்ட அனுப்பிவிடுங்களேன். எங்களுக்கு முன்பல்லுக்குத்தான் ஆளில்லாம முட்டுது. சம்பளம் என்ன வாங்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க, நாங்க கூடவே—"

லட்சுமிகாந்தம் பாய்ந்து போனை அணைத்தார்.

இசைவாணி பற்கள் இரண்டையும் பஞ்சுக்குள் வைத்து, சின்ன டப்பாவில் மூடி, அதன்மேல் ஸ்ரீமதியின் பெயரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு, அவள் செய்யும் பற்களைவிட அழகாக, அப்போதுதான் வந்தது.

"சார், அந்த நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க. குறிச்சுக்கிறேன்."

லட்சுமிகாந்தம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.